நண்பர்களோடு தென்கிழக்காசியா: முதுகுப்பையுடன் முதல்முறை புறப்படுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து பாங்காக்கில் தொடங்கி, தீவு தீவாக இறங்கி, கோலாலம்பூரில் முடிக்கலாம் என்று பேசுவது எளிது. அந்தப் பேச்சு பயணமாக மாறத் தொடங்கியதும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஆவணம், ஒரு தேதி, ஒரு கட்டணம் என்று வரிசையாக எதிரே வந்து நிற்கும். தனியாகப் போகிறவருடைய சிக்கல் அவரோடு முடிந்துவிடும். குழுவாகப் போகும்போது ஒருவருடைய ஆவணக் குறை எல்லாருடைய நாளையும் நிறுத்திவிடும். ஆகவே உங்கள் குழுவில் யாருடைய ஆவணம் மிகவும் தாமதமாகத் தயாராகுமோ, அவரை வைத்தே நாள்காட்டியை வகுக்க வேண்டும். நாங்கள் அலைந்து தெரிந்துகொண்டவற்றை, நீங்கள் செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே தருகிறேன்.

விசா தொடர்பான விவரங்கள் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கானவை. மற்ற பகுதிகள் எல்லாருக்கும் பொருந்தும். இந்த விதிகள் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் வாங்கும் அன்றைக்கே அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. எல்லாருடைய கடவுச்சீட்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள் (புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பு)

இந்த வேலையைத் தொலைபேசியில் கேட்டு முடிக்காதீர்கள். ஒவ்வொருவருடைய கடவுச்சீட்டின் படத்தையும் வாங்கி நீங்களே பாருங்கள். நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் அது செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். ‘இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே’ என்று சொல்லும் நண்பரை விமான நிறுவனமே ஏற்றாமல் திருப்பி அனுப்பிவிடும். முத்திரைக்கென்று வெற்றுப் பக்கங்கள் சில இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது பெயர். நம்மில் பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கும், அல்லது தந்தையின் பெயர் அதில் ஏறியிருக்கும். விமான டிக்கெட் படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே நகராது. குடும்பப் பெயர் இல்லாதவர்கள் இயற்பெயரையே இரண்டு இடத்திலும் எழுதும்படி பல விமான நிறுவனங்கள் சொல்கின்றன. ஆனால் நீங்கள் பறக்கும் நிறுவனத்தின் விதியைப் படித்துவிட்டே நிரப்புங்கள். விசாப் படிவங்களில் கடவுச்சீட்டின் அடியில் இரண்டு வரியாக அச்சாகியிருக்கும் எழுத்துகளில் பெயர் எப்படி இருக்கிறதோ, அப்படியே எழுத வேண்டும். குழுவுக்கே ஒருவர் டிக்கெட் எடுக்கும்போது, பழகிய பெயரையோ முன்னெழுத்தையோ அவர் எழுதிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பின்னர் அதைத் திருத்துவதற்குச் சில மலிவு விமான நிறுவனங்கள் டிக்கெட் விலையை நெருங்கும் தொகையைக் கேட்கின்றன.

பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டாமல் கடவுச்சீட்டு பெற்றவர்களுக்கு அதில் பெரும்பாலும் ஈசிஆர் குறிப்பு, அதாவது வேலைக்காக வெளிநாடு செல்லக் குடியகல்வு அனுமதி தேவை என்னும் குறிப்பு, இருக்கும். தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா ஆகிய மூன்றும் அந்தக் குறிப்புக்கு உட்பட்ட நாடுகளின் பட்டியலில் உள்ளன. சுற்றுலாவாகச் செல்ல அந்தக் குறிப்பு தடையில்லை. ஆனால் புறப்படும் விமான நிலையத்திலேயே கேள்விகள் கூடுதலாக வரும். திரும்பும் டிக்கெட், விடுதி முன்பதிவு, காப்பீடு ஆகியவற்றை அந்த நண்பர் தம் பெயரிலேயே அச்சிட்டுக் கையில் வைத்திருக்க வேண்டும். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி இளைஞர்களைக் கம்போடியாவுக்கும் மியன்மார் எல்லைக்கும் கொண்டுபோய் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்த நிகழ்வுகளுக்குப் பிறகு, இளைஞர் குழுக்களை அதிகாரிகள் உற்றுப் பார்ப்பது இயல்பே. அமைதியாக, உண்மையாக, எல்லாரும் ஒரே பதிலாகச் சொல்லுங்கள்.

2. மழையைப் பார்த்துக் கடற்கரையைத் தேர்ந்தெடுங்கள்

புகைப்படத்தைப் பார்த்துத் தீவைத் தேர்ந்தெடுப்பதுதான் புதியவர்கள் விழும் முதல் பள்ளம். இங்கே ஒரே நாட்டின் இரண்டு கரைகளுக்கு இரண்டு மழைக்காலங்கள் உண்டு. தாய்லாந்தின் மேற்குக் கரையான அந்தமான் பக்கத்தில், அதாவது புக்கெட், கிராபி, பிபி, லந்தா ஆகிய இடங்களில், நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். மே முதல் அக்டோபர் வரை மழையும் அலையும் மிகும். கிழக்கே வளைகுடாப் பக்கத்துத் தீவுகளான சமுய், பங்ஙான், தாவ் ஆகியவற்றில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. எனவே ஜூலையில் போகிறவர் வளைகுடாப் பக்கமும், டிசம்பரில் போகிறவர் அந்தமான் பக்கமும் இறங்குவதே முறை.

மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளான பெர்ஹெந்தியான், ரெடாங் ஆகியவற்றில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான விடுதிகள் மூடியிருக்கும், படகுகளும் குறைந்துவிடும். அதே மாதங்களில் மேற்கிலுள்ள லங்காவியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பாலித் தீவுக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். வியட்நாமின் நடுப்பகுதியிலுள்ள தா நாங், ஹோய் ஆன் ஆகிய ஊர்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வெள்ளம் வருவது வழக்கம். தெற்கிலுள்ள பூ குவோக் தீவில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வறண்ட வானிலை.

மழை தவிர, கதவடைப்புக் காலங்களும் உண்டு. பிபித் தீவுகளின் மாயா விரிகுடா ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மூடப்படுகிறது. சிமிலன் தீவுகள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை திறப்பதில்லை. வியட்நாமில் தெத் புத்தாண்டையொட்டி, அதாவது ஜனவரி இறுதி அல்லது பிப்ரவரியில், கடைகள் அடைத்திருக்கும். ரயில், பேருந்து டிக்கெட்டும் கிடைக்காது. பாலியில் மார்ச் மாதத்தையொட்டி வரும் நியெப்பி நாளில் விமான நிலையம் உட்பட எல்லாம் 24 மணி நேரம் நின்றுவிடும். தெருவில் நடக்கக்கூட அனுமதியில்லை. ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்லாந்தில் சொங்கிரான்; நீர் விளையாட்டு கொண்டாட்டமாக இருந்தாலும் விடுதிக் கட்டணமும் டிக்கெட் நெருக்கடியும் உச்சத்தில் இருக்கும்.

3. ஒரே கோட்டில் செல்லும் வழியை வகுத்துக்கொள்ளுங்கள்

மூன்று வாரத்தில் ஐந்து நாடு என்று திட்டமிடுகிறவர்கள் பாதி நாளை விமான நிலையங்களிலேயே கழிப்பார்கள். முதல் பயணத்துக்கு இரண்டு நாடுகள் போதும் என்பது என் கருத்து. ஒரு நகரத்தில் இறங்கி வேறொரு நகரத்திலிருந்து ஊர் திரும்பும்படி டிக்கெட் எடுத்தால், வந்த வழியே திரும்பும் செலவும் நாளும் மிச்சமாகும்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புறப்படுபவர்களுக்கு நான் சொல்வது இந்த வழி: பாங்காக்கில் இறங்கி, இரவு ரயிலில் சூரத் தானி, அங்கிருந்து பேருந்தில் கிராபி, பிறகு படகில் பிபி, லந்தா, லிபே, லிபேயிலிருந்து மலேசியாவின் லங்காவி, கடைசியாகக் கோலாலம்பூர். பாங்காக்குக்கு அப்பால் விமானம் ஏறாமலே லங்காவி வரை இறங்கிவிடலாம் என்பது இதன் சிறப்பு. லிபே–லங்காவி படகு மழை ஓய்ந்த பருவத்தில் மட்டுமே ஓடுகிறது என்பதால் மழைக்காலத்தில் இந்த வழி இல்லை.

மே முதல் செப்டம்பருக்குள் போகிறவர்கள் பாங்காக்கிலிருந்து சும்போன் வரை ரயிலிலும், அங்கிருந்து தாவ், பங்ஙான், சமுய் ஆகியவற்றுக்குப் படகிலும் போகலாம். பங்ஙானில் பௌர்ணமி இரவுக் கொண்டாட்டம் நடக்கும் நாள்களில் ஹாத் ரின் பகுதி விடுதிகள் விலையை ஏற்றுவதோடு குறைந்தது இத்தனை இரவு தங்க வேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கும். அந்தக் கொண்டாட்டம் வேண்டாம் என்றால் அந்த வாரம் தாவ் தீவில் இருந்துவிடுங்கள். பெர்ஹெந்தியான் போக விரும்புகிறவர்கள் கோலாலம்பூரிலிருந்து கோத்தா பாருவுக்குப் பறந்து, கோலா பெசுட் படகுத்துறை வழியாகப் போக வேண்டும்.

தாய்லாந்து–கம்போடியா தரைவழி எல்லையை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2025 ஜூனில் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடப்பட்ட பின் அங்கே போரே மூண்டது. அங்கோர் வாட் உங்கள் பட்டியலில் இருந்தால் சியம் ரீப்புக்கு விமானத்தில் போங்கள். 2023இல் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் வண்டிச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அங்கோர் நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர்.

4. விசாவும் வருகை அட்டையும்

தாய்லாந்து இந்தியர்களுக்கு அளித்த விசா விலக்கு 2024 ஜூலையில் 60 நாளாக நீட்டிக்கப்பட்டது. அதைக் குறைக்கும் பேச்சு அதன்பின் எழுந்ததால், அது இப்போதும் உண்டா, எத்தனை நாளுக்கு என்பதை டிக்கெட் வாங்கும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விசா இல்லாமல் தரைவழி எல்லையில் நுழைவது ஒரு நாள்காட்டி ஆண்டில் இரண்டு முறைக்கு மட்டுமே. கால எல்லையைத் தாண்டித் தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட் அபராதம். மலேசியாவின் 30 நாள் விசா விலக்கு 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

வியட்நாமுக்கு மின்விசா வேண்டும். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர், அதிகபட்சம் 90 நாள். மூன்று வேலைநாள் என்று சொல்லப்பட்டாலும் இரண்டு வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். விசாவில் தொடக்கத் தேதி அச்சாகியிருக்கும். அதற்கு முந்தைய நாள் இரவு 11 மணிக்கு இறங்கினாலும் உள்ளே விடமாட்டார்கள். நுழையும் இடத்தையும் படிவத்தில் குறிப்பிட வேண்டும் என்பதால், விமானம் முடிவானபின் விண்ணப்பிப்பதே நல்லது. எழுத்துப்பிழைக்குப் பணம் திரும்ப வராது. புதிதாகக் கட்ட வேண்டும்.

இந்தோனேசியாவில் இறங்கியபின் பெறும் விசாவுக்கு 5,00,000 ரூப்பியா. 30 நாள் தங்கலாம். பாலிக்குள் நுழைகிறவர்கள் அதற்கு மேல் 1,50,000 ரூப்பியா சுற்றுலாக் கட்டணமும் செலுத்த வேண்டும். சிங்கப்பூருக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும் என்பதாலும், தங்கும் செலவு மற்ற நாடுகளைவிடப் பல மடங்கு என்பதாலும், முதல் பயணத்தில் அதை விட்டுவிடலாம்.

பலரும் தடுக்கி விழுவது விசாவில் அன்று, வருகை அட்டையில். தாய்லாந்துக்கு 2025 மே முதலும், மலேசியாவுக்கு 2024 ஜனவரி முதலும் மின்வருகை அட்டை கட்டாயம். சிங்கப்பூரும் இந்தோனேசியாவும் அவ்வாறே கேட்கின்றன. வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும் என்பதால் ஊரிலிருந்தே எல்லாவற்றையும் முடித்துவிட வழியில்லை. லிபேயிலிருந்து லங்காவி போகும் குழு, லந்தாவில் இணையம் நன்றாகக் கிடைக்கும்போதே மலேசிய அட்டையை எல்லாருக்கும் நிரப்பிவிட வேண்டும். இந்த அட்டைகளுக்குக் கட்டணம் கிடையாது. தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத் தளங்கள் அரசுச் சின்னம் போன்ற ஒன்றை வைத்துக்கொண்டு பணம் கேட்கும்; பணம் கேட்டால் நீங்கள் தவறான தளத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள்.

எல்லையில் கேட்கப்படக்கூடியவை: வெளியேறும் டிக்கெட், முதல் விடுதியின் முன்பதிவு, கையில் பணம். தாய்லாந்தில் ஒருவருக்கு 20,000 பாட்டுக்கு ஈடான தொகையைக் காட்டச் சொல்லும் உரிமை அதிகாரிக்கு உண்டு. எல்லார் பணமும் ஒரே நண்பரின் பையில் இருக்கிறது என்ற பதில் அங்கே எடுபடாது. விடுதி முன்பதிவிலும் எல்லாருடைய பெயரும் இருக்கும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

5. விமானம், ரயில், படகு

மலிவு விமானங்களின் விலை கைப்பையோடு முடிந்துவிடும். ஏர் ஏசியா, வியட்ஜெட் போன்றவற்றில் உள்ளே கொண்டுபோக 7 கிலோ மட்டுமே. அதில் முதுகுப்பையும் சிறு பையும் சேர்ந்தே எடையிடப்படும். குழுவில் இரண்டு பேருக்கு மட்டும் 20 கிலோ சுமையை இணையத்தில் முன்பே வாங்கி, கனமானவற்றை அதில் பகிர்ந்து வைப்பது மலிவு. விமான நிலையத்தில் வாங்கினால் விலை பெருமளவு கூடும். பவர் பேங்க் உள்ளே கொண்டுபோகும் பையில்தான் இருக்க வேண்டும்.

பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள். இந்தியாவிலிருந்து வரும் பெரும்பாலான விமானங்கள் இறங்குவது சுவர்ணபூமியில். உள்நாட்டு மலிவு விமானங்கள் பல புறப்படுவது தோன் மியுவாங்கில். நகர நெரிசலில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக இரண்டு மணி நேரம்கூட ஆகலாம் என்பதால், ஒரே நாளில் இரண்டையும் இணைத்து டிக்கெட் எடுக்காதீர்கள். நெடுந்தூர ரயில்கள் 2023 ஜனவரி முதல் பழைய ஹுவாலம்போங் நிலையத்தை விட்டுக் குருங் தெப் அபிவத் நிலையத்துக்கு மாறிவிட்டன. பழைய குறிப்புகளை நம்பிப் போகிறவர்கள் இன்னும் தவறான நிலையத்தில் போய் நிற்கிறார்கள். இரவு ரயிலின் கீழ்ப் படுக்கைகள் முதலில் தீர்ந்துவிடும். குழுவாக ஒரே பெட்டியில் இடம் வேண்டுமானால் விற்பனை தொடங்கியதுமே வாங்குங்கள்.

படகு டிக்கெட்டில் பேருந்து, படகு, இறங்கியபின் வண்டி மூன்றும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சட்டையில் ஒட்டும் வண்ணச் சீட்டைக் கொடுப்பார்கள். அதைத் தொலைத்தால் எந்த வண்டியில் ஏறுவது என்று உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. தாய்லாந்து மணி மலேசியாவைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது என்பதை லங்காவி படகு நாளில் நினைவில் வையுங்கள்.

நகரத்துக்குள் கிராப் என்ற வாடகை வண்டிச் செயலி போதும். விலை முன்பே தெரிந்துவிடுவதால் பேரம் இல்லை. சாதாரண காரில் நான்கு பேர்தான் ஏற முடியும். ஐவராகப் போகிற குழு ஒவ்வொரு முறையும் இரண்டு வண்டிக்குக் கொடுக்க நேரிடும். நண்பர்களின் எண்ணிக்கையைப் பயணச் செலவு தீர்மானிக்கக் கூடாதுதான். ஆனாலும் நால்வர் என்பது வண்டிக்கும் அறைக்கும் படகுக்கும் ஒத்துப்போகும் எண்ணிக்கை.

6. தங்குமிடம்

பாங்காக்கில் காவ் சான் சாலைப் பகுதி, ஹோ சி மின் நகரில் புய் வியென், ஹனோயில் பழைய நகரம், கோலாலம்பூரில் பெட்டாலிங் சாலை ஆகியவை முதுகுப்பைக்காரர்கள் கூடும் இடங்கள். புய் வியெனில் அறை எடுப்பவர்கள் விடியும்வரை இசையோடுதான் படுக்க வேண்டும். இரண்டு தெரு தள்ளித் தங்கினால் தூக்கமும் உண்டு, நடந்துபோகும் வசதியும் உண்டு.

நால்வர் என்றால் ஹாஸ்டலில் நான்கு படுக்கை வாங்குவதைவிட இரண்டு இருவர் அறைகள் பல ஊர்களில் அதே விலைக்கு வந்துவிடும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொது அறையில் தங்கினால் உங்கள் சொந்தப் பூட்டு ஒன்று தேவை. முதல் இரண்டு இரவுகளை மட்டும் முன்பதிவு செய்து, மற்றவற்றைப் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் வைத்துக்கொண்டால், பிடித்த தீவில் கூடுதலாக ஒரு நாள் தங்க இடம் இருக்கும். டிசம்பர் கடைசி வாரத்துக்கு இது பொருந்தாது. அப்போது பிபியிலும் லிபேயிலும் அறையே கிடைக்காது. மலேசியாவில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. இணையத்தில் காட்டிய விலையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

7. பணம்

ஒரு பயணத்துக்கு ஒருவர் நோட்டாக 3,000 டாலர் மதிப்பு வரை கொண்டுபோகலாம். எல்லாவற்றையும் நோட்டாகக் கொண்டுபோகத் தேவையில்லை. வெளிநாட்டுச் செலவுக்கான ஃபாரெக்ஸ் அட்டை ஒன்றும், வேறு வங்கியின் அட்டை ஒன்றும், மடிப்பும் கிழிசலும் இல்லாத நூறு டாலர் நோட்டுகள் சிலவும் போதும். ஓரத்தில் சிறிது கிழிந்திருந்தாலும் கம்போடியாவில் டாலரை வாங்கமாட்டார்கள். விமான நிலையத்துக்குள் சிறு தொகையை மட்டும் மாற்றி, மீதியை நகரத்தில் மாற்றுங்கள்.

தாய்லாந்தில் வெளிநாட்டு அட்டையை ஏடிஎம்மில் நுழைத்தாலே ஒவ்வொரு முறையும் சுமார் 220 பாட் கட்டணம் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே சிறுகச் சிறுக எடுக்காமல் ஒருமுறையே பெரிய தொகையாக எடுங்கள். ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா’ என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்றே அழுத்துங்கள். அந்த மாற்று விகிதத்தில் நட்டம் உங்களுக்குத்தான். வியட்நாமில் 20,000 டோங் நோட்டும் 5,00,000 டோங் நோட்டும் நீல நிறத்தில் ஒன்றுபோலத் தோன்றும். டாக்சியில் இருட்டில் எண்ணிக் கொடுக்காதீர்கள். இரண்டையும் பணப்பையின் வெவ்வேறு பகுதிகளில் வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களுக்குள் கசப்பு வருவது பெரும்பாலும் சில்லறைக் கணக்கில்தான். நாடு மாறும்போதெல்லாம் ஒரு தொகையை எல்லாரும் சமமாகப் போட்டுப் பொதுப்பணம் ஒன்றை உருவாக்கி, அதை வைத்திருக்கும் பொறுப்பை ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொருவரிடம் கொடுங்கள். அறை, வண்டி, படகு, குடிநீர் ஆகியவை பொதுப்பணத்தில். மது, ஷாப்பிங், நீர்விளையாட்டு ஆகியவை அவரவர் பணத்தில். இந்தப் பிரிப்பைப் புறப்படும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஸ்பிளிட்வைஸ் போன்ற செயலியில் அன்றாடம் எழுதிவைத்தால் கடைசி நாளில் நினைவை நம்பிச் சண்டை போட வேண்டியதில்லை. குடிக்காத நண்பர் ஒருவர் இருக்கும் குழுவில் பில்லைச் சமமாகப் பிரிப்பது நியாயமே இல்லை. அவர் வாய் திறந்து கேட்கவும் மாட்டார்.

8. தொலைபேசி

இ-சிம் அல்லது விமான நிலையத்தில் விற்கும் சுற்றுலா சிம் ஒன்று எளிதில் கிடைக்கும். ஆனால் ஊரில் பயன்படுத்தும் எண்ணை அணைத்துவிட்டால் வங்கியின் ஓடிபி வராது, அட்டையில் பணம் கட்ட முடியாது. புறப்படும் முன்பே அந்த எண்ணில் வெளிநாட்டு ரோமிங் வசதியைத் திறந்து, டேட்டாவை மட்டும் அணைத்து, குறுஞ்செய்தி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டு வரம்பையும் வங்கிச் செயலியில் ஊரிலேயே திறந்துவிடுங்கள்.

9. கடற்கரையில் ஏமாறாமலும் அடிபடாமலும் இருக்க

ஸ்கூட்டர் வாடகை தாய்லாந்துத் தீவுகளில் நாளுக்குச் சுமார் 200 முதல் 300 பாட். பிணையாகக் கடவுச்சீட்டைக் கேட்டால் அந்தக் கடையை விட்டு வெளியேறுங்கள். ரொக்கப் பிணையும் கடவுச்சீட்டின் நகலும் வாங்கிக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன. வண்டியை எடுக்கும் முன் எல்லாப் பக்கமும் காணொளி எடுத்து, ஏற்கெனவே உள்ள கீறல்களைக் கடைக்காரரிடமே காட்டுங்கள். பட்டாயாவிலும் புக்கெட்டிலும் ஜெட் ஸ்கீ வாடகைக்கு எடுத்து, பழைய உடைப்புக்குப் புதிய பில் கட்டியவர்கள் ஏராளம். என்னைக் கேட்டால் அதில் ஏறாமலிருப்பதே மலிவு.

உரிமம் இன்னொரு விஷயம். இந்தியாவில் தரப்படும் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் 1949 ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் வருவது. தாய்லாந்து அதை ஏற்கிறது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கையின் உரிமத்தை. எங்கே ஓட்டினாலும் இருசக்கர வாகன வகை அந்த உரிமத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். காவலரின் அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து காப்பீடு: செல்லத்தக்க உரிமமோ தலைக்கவசமோ இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு பணம் தராது, தனியார் மருத்துவமனையோ முன்பணம் இல்லாமல் அறுவை சிகிச்சையைத் தொடங்கத் தயங்கும். காப்பீட்டைப் புறப்படும் முன்பே எடுங்கள். இருசக்கர வாகனம், ஸ்கூபா, மது அருந்திய நிலை ஆகிய மூன்று சொற்களையும் விலக்குப் பட்டியலில் தேடிப் படியுங்கள்.

மது விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங்கில் மெத்தனால் கலந்த மதுவால் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் இறந்தார்கள். இலவசமாக ஊற்றித் தரும் கோப்பையையும், வாளியில் கலந்து தரும் பானத்தையும் தொடாதீர்கள்; உங்கள் கண்முன் திறக்கும் பியர் போதும். மறுநாள் பார்வை மங்கினால் அது வழக்கமான தலைவலி அன்று. உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடற்கரையில் சிவப்புக் கொடி இருந்தால் முழங்கால் நீரிலும் இறங்க வேண்டாம். புக்கெட்டின் மழைக்கால அலைகள் நன்றாக நீந்துகிறவர்களையே இழுத்துச் செல்கின்றன. பாலியின் உபுதிலும் பிபியிலும் குரங்கு கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும்.

10. சட்டம் விளையாடாத இடங்கள்

தாய்லாந்திலும் சிங்கப்பூரிலும் மின்சிகரெட் தடைசெய்யப்பட்டது. இந்தியாவிலும் 2019 முதல் விற்பனைக்கும் இறக்குமதிக்கும் தடை உண்டு என்பதால் வாங்கிவருவதும் குற்றம். தாய்லாந்தில் கஞ்சாக் கடைகளைப் பார்த்துவிட்டு மற்ற நாடுகளையும் அப்படியே நினைத்துவிடக் கூடாது. அங்கேயே 2025 ஜூன் முதல் மருத்துவர் சீட்டு வேண்டும்; மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா மூன்றிலும் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு. பாங்காக்கில் வாங்கிய ஒரு கஞ்சா மிட்டாய்ப் பொட்டலம் நண்பரின் பையில் மறந்துகிடந்தால் லங்காவியில் குழுவே சிக்கும். எல்லை தாண்டும் முந்தைய இரவு, அவரவர் பையை அவரவரே முழுவதும் கொட்டிப் பார்த்து அடுக்குங்கள். பழகிய ஒரு வாரத்தில் நட்பான எவருடைய பொருளையும் சுமந்துபோக ஒப்புக்கொள்ளாதீர்கள்.

11. கடைசி இரண்டு நாள்

ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைத் தீவில் கழிக்காதீர்கள். கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும். அதற்காக விமான நிறுவனம் காத்திருக்காது, டிக்கெட் பணத்தையும் தராது. தாவிலோ லிபேயிலோ ஸ்கூபா செய்தவர்கள் கடைசியாக நீரிலிருந்து ஏறியபின் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். கரையில் பொறுக்கிய பவளத்தையும் சிப்பியையும் அங்கேயே விட்டுவிடுங்கள். தேசியப் பூங்காத் தீவுகளிலிருந்து எடுத்துவருவது குற்றம். பொதுப்பணத்தில் மீந்ததை விமான நிலையத்துக்குப் புறப்படும் முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். சில்லறை நாணயங்களை ஊரில் யாரும் மாற்றித் தரமாட்டார்கள் என்பதால் அவற்றைக் கடைசி உணவிலேயே செலவழித்துவிடுங்கள்.